டியேகோ ஃபோர்லான்

டியேகோ மார்ட்டின் ஃபோர்லான் கொராசோ (பிறப்பு: மே 19, 1979, மொண்டேவிடேயோ) உருகுவை நாட்டைச் சேர்ந்த முன்னாள் காற்பந்தாட்ட வீரர் ஆவார். முன்கள வீரராக ஆடிய இவர் தமது தொழின்முறை வாழ்வின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலேயே கழித்தார். அர்ச்செந்தீனா, இங்கிலாந்து, எசுப்பானியா, இத்தாலி, பிரேசில், சப்பான், இந்தியா, ஆங்காங் ஆகிய இடங்களின் கழகங்களுக்காகவும், இறுதிக் காலத்தில் தாயகக் கழகமான பெனியரோலுக்காகவும் ஆடினார். ஐரோப்பியத் தங்கக் காலணி விருதை இருமுறை (2005, 2009) பெற்றவர். 2010ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற உலகக்கோப்பையில் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்து விருது இவருக்கு வழங்கப்பட்டது.

ஒரே வீரர் ஒரு நாட்டில் தோல்வியுற்றவராகவும் அடுத்த நாட்டில் முதன்மைக் கோலடிப்பாளராகவும் கருதப்பட்டமைக்கு ஃபோர்லானின் வாழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தில் முதல் கோலை அடிக்க அவருக்கு எட்டு மாதங்கள் ஆயின. அக்கழகத்தை விட்டு நீங்கிய ஓராண்டுக்குள் எசுப்பானியக் கூட்டிணைவில் அவரே மிகுதியான கோல்களை அடித்தவராக விளங்கினார்.

குடும்பமும் இளமைக்காலமும்

ஃபோர்லானின் குடும்பம் காற்பந்தாட்டத்துடன் நெருங்கிய தொடர்புடையது. தந்தை பாப்லோ ஃபோர்லான் உருகுவை நாட்டு அணியின் தடுப்பாட்ட வீரர். 1966, 1974 ஆகிய இரு உலகக்கோப்பைகளில் பங்கேற்றவர். உருகுவையின் பெனியரோல், பிரேசிலின் சாவோ பாவுலோ ஆகிய கழகங்களுக்கு ஆடியவர். தாய்வழிப் பாட்டனார் ஹுவான் கார்லோஸ் கொராசோ அர்ச்செந்தீனாவின் இன்டிபென்டியென்ட்டே கழகத்தில் ஆடியவர். பின்னர் உருகுவை நாட்டு அணியின் பயிற்றுநராகி 1962 உலகக்கோப்பைக்கு அணியை அழைத்துச் சென்றவர்.

எனினும் சிறுவயதில் டியேகோ ஃபோர்லானின் ஈடுபாடு டென்னிசின் பக்கமே மிகுந்திருந்தது. அதில் திறமையுள்ள இளம் ஆட்டக்காரராக அவர் மதிக்கப்பட்டார். 1991இல், அவருக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது நேர்ந்த விபத்து அவருடைய போக்கை மாற்றியது. அவருடைய தமக்கை அலெகாந்திரா சென்ற மகிழுந்து விபத்துக்குள்ளானது. அலெகாந்திரா முதுகுத்தண்டில் காயமுற்று நடக்கும் ஆற்றலை இழந்தார். உடன் சென்ற அவருடைய காதலர் உயிரிழந்தார். மருத்துவச் செலவு குடும்பத்திற்குப் பெருஞ்சுமையாயிற்று. தமக்கையின் சிகிச்சைக்குப் பொருளீட்ட வேண்டும் என்ற எண்ணமே தாம் காற்பந்தாட்டத்தைத் தொழிலாகத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் என ஃபோர்லான் பின்னாளில் கூறியுள்ளார். அலெகாந்திரா ஃபோர்லான் பிற்காலத்தில் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவி, சாலைப் பாதுகாப்புக்காகவும் விபத்துகளால் பாதிக்கப்பட்டோருக்காகவும் பணியாற்றினார்.

இளையோர் பிரிவில் பெனியரோல், தனூபியோ ஆகிய மொண்டேவிடேயோ நகரக் கழகங்களில் ஃபோர்லான் பயின்றார். ஆயினும் அவருடைய முதல் தொழின்முறை ஒப்பந்தம் தாயகத்தில் அமையவில்லை.

கழக வாழ்வு

இன்டிபென்டியென்ட்டே (1998–2002)

ஃபோர்லான் தமது தொழின்முறை ஆட்டத்தை அர்ச்செந்தீனாவின் அவெல்யானேடா நகரிலுள்ள இன்டிபென்டியென்ட்டே கழகத்தில் 1998இல் தொடங்கினார். இது அவருடைய பாட்டனார் ஆடிய கழகமாகும். முதல் இரு ஆண்டுகளில் மெல்ல அணியில் இடம்பிடித்த அவர், பின்னர் அதன் முதன்மைக் கோலடிப்பாளரானார். ஏறத்தாழ 80 கூட்டிணைவு ஆட்டங்களில் 35க்கும் மேற்பட்ட கோல்களை அடித்தார். இரு காலாலும் சம வலிமையுடன் பந்தை உதைக்கும் அவரது திறன் ஐரோப்பியக் கழகங்களின் கவனத்தை ஈர்த்தது.

மான்செஸ்டர் யுனைட்டெட் (2002–2004)

2002 சனவரியில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ கழகம் ஃபோர்லானை ஒப்பந்தம் செய்ய முயன்று வந்தது. கடைசி நேரத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் குறுக்கிட்டு, ஏறத்தாழ 69 இலட்சம் பவுண்டு விலையில் அவரைப் பெற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 22. சனவரி 29 அன்று போல்ட்டன் வாண்டரர்சு அணிக்கு எதிராக மாற்று வீரராக முதன்முறை களமிறங்கினார்.

அப்பருவத்தின் எஞ்சிய 13 கூட்டிணைவு ஆட்டங்களில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. அணியின் முதன்மை முன்கள வீரரான ரூட் வான் நிசுட்டல்ரூய் தொடர்ந்து கோலடித்து வந்ததால், ஃபோர்லான் பெரும்பாலும் ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் மட்டுமே களமிறக்கப்பட்டார். ஒவ்வோர் ஆட்டமும் கோலின்றி முடிய, ஆங்கிலச் செய்தித்தாள்கள் அவரை நகைப்புக்குரியவராகச் சித்திரித்தன.

இந்த வறட்சி 27ஆவது ஆட்டத்தில் முடிவுற்றது. 2002 செப்டம்பர் 18 அன்று வாகையர் கூட்டிணைவில் மக்காபி ஹைஃபா அணிக்கு எதிராகக் கிடைத்த தண்டனை உதையை (பெனால்டி), வழக்கமாக அதனை உதைக்கும் டேவிட் பெக்கம் ஃபோர்லானுக்கு விட்டுக்கொடுத்தார். ஃபோர்லான் அதனைக் கோலாக்கினார். அக்டோபரில் ஆசுட்டன் வில்லாவுக்கு எதிராகத் தமது முதல் கூட்டிணைவுக் கோலை அடித்தார். அடுத்த வாரம் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக வெற்றிக்கோலை அடித்த மகிழ்ச்சியில் மேற்சட்டையைக் கழற்றிய அவரால் உடனே அதனை மீண்டும் அணிய இயலவில்லை. ஆட்டம் தொடங்கிவிடவே சட்டையைக் கையில் பிடித்தவாறே வெற்றுடம்புடன் சிறிது நேரம் ஆடினார்.

2002 திசம்பர் 1 அன்று யுனைட்டெட்டின் நெடுநாள் போட்டியாளரான லிவர்ப்பூலை அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் எதிர்கொண்ட ஆட்டம், அக்கழகத்தில் ஃபோர்லானின் உச்சமாகும். லிவர்ப்பூல் கோல்காப்பாளர் யெர்சி டூடெக் கைநழுவ விட்ட பந்தை முதல் கோலாக்கிய அவர், சில நிமிடங்களில் இரண்டாவது கோலையும் அடித்தார். யுனைட்டெட் 2–1 என வென்றது. இந்த இரு கோல்களுக்காக யுனைட்டெட் இரசிகர்கள் அவரைப் பற்றிப் பாடல் புனைந்து நெடுங்காலம் பாடி வந்தனர். 2003 சனவரியில் செல்சிக்கு எதிராக ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் வெற்றிக்கோலையும் அவரே அடித்தார். அப்பருவத்தில் யுனைட்டெட் இங்கிலாந்துக் கூட்டிணைவுப் பட்டத்தை வென்றது.

எனினும் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. 2004 ஆகஸ்டில் செல்சிக்கு எதிரான ஆட்டமே யுனைட்டெட்டில் அவருடைய கடைசி ஆட்டமாயிற்று. ஈரமான தரைக்கேற்ற நீண்ட முனைகள் கொண்ட காலணியை அணியுமாறு பயிற்றுநர் அலெக்சு பெர்குசன் கூறியிருந்தும், தமக்குப் பழகிய குறுமுனைக் காலணியையே அணிந்து சென்றதையும், கோலடிக்கும் வாய்ப்பில் வழுக்கியதையும், ஆட்டம் முடிந்தபின் பெர்குசன் அக்காலணிகளைப் பிடுங்கி எறிந்ததையும் ஃபோர்லான் பின்னாளில் தாமே விவரித்துள்ளார். மொத்தம் 98 ஆட்டங்களில் 17 கோல்கள் என்ற கணக்குடன் அவர் இங்கிலாந்தை விட்டு வெளியேறினார். இவற்றுள் கூட்டிணைவு ஆட்டங்கள் 63, கோல்கள் 10. அவ்வாட்டங்களிலும் பெரும்பாலானவற்றில் அவர் மாற்று வீரராகவே ஆடினார்.

வில்லாரியல் (2004–2007)

எசுப்பானியாவின் வில்லாரியல் கழகம் ஏறத்தாழ 50,000 மக்கள் வாழும் சிறுநகரம் ஒன்றைச் சேர்ந்ததாகும். அக்காலத்தில் அதன் பயிற்றுநர் சிலி நாட்டவரான மானுவேல் பெயகிரினி. அணியின் ஆட்டத்தை வடிவமைத்தவர் அர்ச்செந்தீன நடுக்கள வீரர் ஹுவான் ரோமான் ரிக்கெல்மே. தென்னமெரிக்க வீரர்கள் பலர் இருந்த இவ்வணியில் ஃபோர்லானுக்கு மொழியும் ஆட்டமுறையும் பழக்கமானவையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வாரமும் முதல் நிமிடத்திலிருந்து ஆடும் வாய்ப்புக் கிடைத்தது.

2004–05 பருவத்தில் அவர் 25 கூட்டிணைவுக் கோல்களை அடித்தார். பார்சலோனாவுடன் 3–3 எனச் சமனான ஆட்டத்தில் மூன்று கோல்களையும் அவரே அடித்தார். பார்சலோனாவின் சாமுவேல் எட்டோவை ஒரு கோல் வேறுபாட்டில் முந்தி, எசுப்பானியக் கூட்டிணைவின் மிகுதியான கோலடிப்பாளருக்குரிய பிச்சிச்சி விருதைப் பெற்றார். வில்லாரியல் மூன்றாம் இடத்தைப் பிடித்து, தன் வரலாற்றில் முதன்முறையாக வாகையர் கூட்டிணைவுக்கான தகுதிச் சுற்றை எட்டியது.

அவ்வாண்டு ஐரோப்பியத் தங்கக் காலணி விருதை ஆர்சனலின் தியரி ஆன்றியுடன் ஃபோர்லான் பகிர்ந்துகொண்டார். இவ்விருது ஐரோப்பியக் கூட்டிணைவுகளில் அடிக்கப்படும் கோல்களுக்குப் புள்ளிகள் இட்டுக் கணக்கிடப்படுகிறது. வலிமைமிக்க கூட்டிணைவுகளில் அடிக்கப்படும் ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு புள்ளிகள் வழங்கப்படும். அதன்படி இருவரும் 25 கோல்களுக்கு 50 புள்ளிகள் பெற்றனர்.

2005–06 வாகையர் கூட்டிணைவில் வில்லாரியலும் மான்செஸ்டர் யுனைட்டெட்டும் ஒரே பிரிவில் இடம்பெற்றன. இரு அணிகளும் மோதிய இரண்டு ஆட்டங்களும் கோலின்றி முடிந்தன. வில்லாரியல் அடுத்த சுற்றுக்கு முன்னேற, யுனைட்டெட் பிரிவின் கடைசி இடத்தைப் பெற்று வெளியேறியது. காலிறுதியில் இன்டர் மிலானுக்கு எதிராக மிலான் நகரில் முதல் நிமிடத்திலேயே ஃபோர்லான் கோலடித்தார். அரையிறுதியில் ஆர்சனலிடம் ஒரு கோல் வேறுபாட்டில் வில்லாரியல் தோற்றது. ரிக்கெல்மேயின் தண்டனை உதையை ஆர்சனல் கோல்காப்பாளர் யென்சு லேமன் தடுத்தமை முடிவைத் தீர்மானித்தது.

2005–06இல் 10, 2006–07இல் 19 எனக் கூட்டிணைவுக் கோல்கள் அடித்த ஃபோர்லான், வில்லாரியலில் 106 கூட்டிணைவு ஆட்டங்களில் 54 கோல்களைப் பெற்றார்.

அட்லெட்டிகோ மாட்ரிட் (2007–2011)

2007 கோடையில் பெர்னாண்டோ டோரெசு லிவர்ப்பூலுக்குச் சென்றபோது, அவருக்கு மாற்றாக ஏறத்தாழ 2.1 கோடி யூரோ விலையில் ஃபோர்லானை அட்லெட்டிகோ மாட்ரிட் வாங்கியது. இரசிகர்களின் அன்புக்குரிய உள்ளூர் வீரர் ஒருவரின் இடத்தை நிரப்புவது எளிதன்று. முதல் பருவத்தில் 16 கூட்டிணைவுக் கோல்களை அடித்த ஃபோர்லான், இளம் அர்ச்செந்தீன வீரர் செர்கியோ அகுவேரோவுடன் சிறந்த இணையாக உருவானார்.

2008–09 பருவம் எண்ணிக்கை அளவில் அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த பருவமாகும். 33 ஆட்டங்களில் 32 கோல்களை அடித்து மீண்டும் பிச்சிச்சி விருதையும், இம்முறை தனியாகவே ஐரோப்பியத் தங்கக் காலணியையும் வென்றார். அட்லெட்டிகோ நான்காம் இடத்தைப் பெற்றது.

அடுத்த பருவத்தில் அட்லெட்டிகோ ஐரோப்பா கூட்டிணைவின் இறுதிக்கு முன்னேறியது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் லிவர்ப்பூலுக்கு எதிரான ஒரே கோலையும், ஆன்ஃபீல்டில் நடந்த இரண்டாம் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் தீர்மானகரமான கோலையும் ஃபோர்லான் அடித்தார். 2010 மே 12 அன்று செருமனியின் ஆம்பர்க் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் புல்லம் அணியை அட்லெட்டிகோ கூடுதல் நேரத்தில் 2–1 என வென்றது. 32ஆவது நிமிடத்திலும் 116ஆவது நிமிடத்திலும் விழுந்த இரு கோல்களும் ஃபோர்லானுடையவை. ஐரோப்பியப் போட்டித் தொடர் கோப்பை ஒன்றினை அட்லெட்டிகோ 1962க்குப் பின் வென்றது இதுவே முதன்முறை. அவ்வாண்டு ஆகஸ்டில் இன்டர் மிலானை வென்று ஐரோப்பிய மீக்கோப்பையையும் அட்லெட்டிகோ கைப்பற்றியது.

உலகக்கோப்பையின் சிறந்த வீரராகத் திரும்பிய ஃபோர்லானுக்கு அடுத்த பருவம் ஏமாற்றமளித்தது. 2010–11இல் அவர் 8 கூட்டிணைவுக் கோல்களே அடித்தார். தொடக்க அணியில் அவருடைய இடமும் உறுதியற்றதாயிற்று. அட்லெட்டிகோவில் அவருடைய கூட்டிணைவுக் கணக்கு 134 ஆட்டங்களில் 74 கோல்கள் ஆகும்.

இன்டர் மிலான் (2011–2012)

2011 ஆகஸ்டு இறுதியில் ஃபோர்லான் இத்தாலியின் இன்டர் மிலானில் இணைந்தார். முன்பு பிச்சிச்சி விருதுக்காக அவருடன் போட்டியிட்ட சாமுவேல் எட்டோ உருசியாவுக்குச் சென்றதால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்புவதே அவருடைய பணியாக இருந்தது.

தொடக்கமே சிக்கலாக அமைந்தது. அப்பருவத்தின் ஐரோப்பா கூட்டிணைவுத் தகுதிச் சுற்றில் அவர் அட்லெட்டிகோவுக்காக ஏற்கெனவே ஆடியிருந்தார். அதனால் அப்போதிருந்த விதிகளின்படி வாகையர் கூட்டிணைவின் பிரிவுச் சுற்றில் வேறோர் அணிக்கு ஆடும் தகுதியை இழந்திருந்தார். காயங்களும் தொடர்ந்தன. பல ஆட்டங்களில் அவருக்குப் பழக்கமில்லாத இடது ஓரத்தில் ஆட வேண்டியிருந்தது. அவ்வொரே பருவத்தில் இன்டர் மிலான் மூன்று பயிற்றுநர்களைக் கண்டது. 18 கூட்டிணைவு ஆட்டங்களில் இரண்டு கோல்களுடன் ஃபோர்லானின் இத்தாலிய வாழ்வு முடிவுற்றது. 2012 சூலையில் இரு தரப்பும் உடன்பட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன.

பிரேசிலும் சப்பானும் (2012–2015)

2012 சூலையில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரைச் சேர்ந்த இன்டர்நாசியோனல் கழகத்தில் ஃபோர்லான் இணைந்தார். 2013இல் அக்கழகம் ரியோ கிராண்டி டோ சுல் மாநில வாகையர் பட்டத்தை வென்றபோது அவர் அணியில் இருந்தார்.

2014 தொடக்கத்தில் சப்பானின் செரெசோ ஒசாக்கா அவரை ஒப்பந்தம் செய்தது. அறிமுகக் கூட்டத்தில் அவர் சப்பானிய மொழியில் பேசி இரசிகர்களின் பாராட்டைப் பெற்றார். ஆயினும் பட்டத்தை எதிர்பார்த்த அவ்வணி ஒரே பருவத்தில் மூன்று பயிற்றுநர்களின்கீழ் ஆடி, முடிவில் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஃபோர்லான் உடனே விலகிச் செல்லவில்லை. 2015இன் முற்பாதியில் இரண்டாம் பிரிவில் ஆடி 10 கோல்களை அடித்த பின்னரே சப்பானை விட்டு நீங்கினார்.

பெனியரோல் (2015–2016)

2015 சூலையில், தமது 36ஆம் வயதில், தந்தை ஆடியதும் தாம் சிறுவயது முதல் ஆதரித்ததுமான பெனியரோல் கழகத்தில் ஃபோர்லான் சேர்ந்தார். தொழின்முறை வீரராக அவர் தாயகக் கழகம் ஒன்றுக்கு ஆடியது இதுவே முதன்முறை. 2016 மார்ச் 28 அன்று பெனியரோலின் புதிய மைதானமான காம்பியோன் டெல் சிக்லோ திறக்கப்பட்டபோது, அர்ச்செந்தீனாவின் ரிவர் பிளேட் அணியுடனான நட்பாட்டத்தில் அம்மைதானத்தின் முதல் கோலை அவரே அடித்தார். 2015–16 பருவத்தில் பெனியரோல் உருகுவை வாகையர் பட்டத்தை வென்றது.

இந்தியாவும் ஆங்காங்கும் (2016–2018)

2016இல் இந்தியன் சூப்பர் லீக் தொடரில் மும்பை சிட்டி அணி ஃபோர்லானைத் தன் நட்சத்திர வீரராக ஒப்பந்தம் செய்தது. இத்தொடரின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் அணியும் உலகப் புகழ்பெற்ற வீரர் ஒருவரை இத்தகைய சிறப்பு இடத்தில் சேர்த்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. நவம்பர் 19 அன்று கேரளா பிளாசுட்டர்சுக்கு எதிராக ஃபோர்லான் மூன்று கோல்களை அடிக்க, மும்பை 5–0 என வென்றது. இந்திய அணித்தலைவர் சுனில் சேத்ரியும் அப்பருவத்தின் பிற்பகுதியில் அவருடன் ஆடினார். பட்டியலில் முதலிடம் பெற்ற மும்பை, அரையிறுதியில் அட்லெட்டிகோ டி கொல்கத்தாவிடம் தோற்றது. முதல் அரையிறுதியில் வெளியேற்றப்பட்ட ஃபோர்லான் இரண்டாவது அரையிறுதியில் ஆட இயலவில்லை. இந்தியாவில் அவர் மொத்தம் ஐந்து கோல்களை அடித்தார்.

2018 சனவரியில் ஆங்காங்கின் கிட்சி கழகத்தில் குறுகிய கால ஒப்பந்தத்தில் இணைந்து, அக்கழகம் கூட்டிணைவுப் பட்டத்தை வென்றதில் பங்குபெற்றார். அதுவே அவருடைய கடைசிக் கழகமாகும். 2019 ஆகஸ்டில் தமது ஓய்வை முறையாக அறிவித்தார்.

நாட்டு அணி

2002 உலகக்கோப்பையும் பின்னடைவும்

ஃபோர்லான் 2002 மார்ச்சில் சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் உருகுவை அணிக்கு அறிமுகமானார். அவ்வாண்டு தென்கொரியாவிலும் சப்பானிலும் நடந்த உலகக்கோப்பையில், செனகலுக்கு எதிராக இடைவேளையில் 0–3 எனப் பின்தங்கியிருந்த உருகுவை, ஆட்டத்தை 3–3 எனச் சமன் செய்தது. மாற்று வீரராக வந்த ஃபோர்லான் அவற்றுள் ஒரு கோலை அடித்தார். எனினும் உருகுவை முதல் சுற்றுடன் வெளியேறியது. 2006 உலகக்கோப்பைக்கான தகுதிப் போட்டியில் ஆத்திரேலியாவிடம் தண்டனை உதைகளில் தோற்றதால், ஃபோர்லான் எசுப்பானியாவில் சிறந்து விளங்கிய அக்காலத்தில் உருகுவை உலகக்கோப்பையில் இடம்பெறவில்லை.

2010 உலகக்கோப்பை

2010 உலகக்கோப்பைக்கு உருகுவை கோசுட்டா ரிக்காவுடனான இறுதித் தகுதியாட்டத்தில் வென்றே நுழைந்தது. பயிற்றுநர் ஒசுக்கார் தபாரெசு, லூயிசு சுவாரெசு, எடின்சன் கவானி ஆகியோரை முன்னே நிறுத்தி, ஃபோர்லானைச் சற்றுப் பின்னே இறக்கி ஆடவைத்தார். இதனால் தாக்குதலைத் தொடங்குபவராகவும் முடிப்பவராகவும் அவர் இருந்தார். அத்தொடரின் சபுலானி பந்தின் போக்கைக் கணிக்க இயலவில்லை எனப் பலர் குறைகூறினர். ஃபோர்லானோ தொலைவிலிருந்து அதனைத் திறம்பட உதைத்துக் கோல்களாக்கினார்.

அத்தொடரில் அவர் அடித்த கோல்கள்:

சூன் 16, பிரிட்டோரியா: தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டு கோல்கள், உருகுவை 3–0 என வென்றது.
சூலை 2, சோகன்னசுபர்க்: காலிறுதியில் கானாவுக்கு எதிராக நேரடி உதையில் ஒரு கோல், 1–1 எனச் சமனான ஆட்டத்தைத் தண்டனை உதைகளில் உருகுவை வென்றது.
சூலை 6, கேப் டவுன்: அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகத் தொலைவிலிருந்து ஒரு கோல், உருகுவை 2–3 எனத் தோற்றது.
சூலை 10, போர்ட் எலிசபெத்: மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் செருமனிக்கு எதிராகத் தரையில் விழுமுன் உதைத்த ஒரு கோல், உருகுவை 2–3 எனத் தோற்றது.

செருமனியுடனான ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் அவர் உதைத்த நேரடி உதை கோல்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. அது கோலாகியிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றிருக்கும்; ஃபோர்லானும் தனியாகவே மிகுதியான கோலடித்தவராகியிருப்பார். ஐந்து கோல்களுடன் தாமசு முல்லர், டேவிட் வில்லா, வெசுலி சினைடர் ஆகியோருடன் அவர் சமநிலையில் நின்றார். பிறர் கோலடிக்க உதவிய எண்ணிக்கையின் அடிப்படையில் தங்கக் காலணி முல்லருக்குச் சென்றது. ஆனால் செய்தியாளர்களின் வாக்கெடுப்பில் சினைடரை முந்தி, தங்கப் பந்து விருது ஃபோர்லானுக்குக் கிடைத்தது. செருமனிக்கு எதிரான அவரது கோல் தொடரின் சிறந்த கோலாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 34 இலட்சம் மக்கள்தொகை கொண்ட உருகுவை நான்காம் இடம் பெற்றது; 1970க்குப் பின் அந்நாடு உலகக்கோப்பை அரையிறுதியை எட்டியது இதுவே முதன்முறை.

2011 கோப்பா அமெரிக்கா

உலகக்கோப்பைக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஃபோர்லான் நாட்டு அணிக்காக ஒரு கோலும் அடிக்கவில்லை. 2011இல் அர்ச்செந்தீனாவில் நடந்த கோப்பா அமெரிக்கா தொடரிலும் இறுதியாட்டம் வரை இந்நிலை நீடித்தது. சூலை 24 அன்று புவெனசு ஐரிசில் பரகுவைக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் இரு கோல்களை அடிக்க, உருகுவை 3–0 என வென்று 15ஆவது முறையாகப் பட்டம் பெற்றது.

இவ்வெற்றியால் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் தென்னமெரிக்க வாகையர் பட்டத்தைப் பெற்றன. பாட்டனார் கொராசோ 1959இல் பயிற்றுநராகவும், தந்தை பாப்லோ 1967இல் வீரராகவும் இப்பட்டத்தை வென்றிருந்தனர்.

இறுதி ஆண்டுகள்

2011 அக்டோபரில் பரகுவைக்கு எதிராக அடித்த கோலின் மூலம் எக்டர் இசுகரோனேயின் 31 கோல்கள் என்ற நெடுநாள் சாதனையை ஃபோர்லான் முறியடித்தார். 2013இல் கூட்டமைப்புகள் கோப்பையில் நைசீரியாவுக்கு எதிராகக் களமிறங்கியபோது, உருகுவைக்காக 100 ஆட்டங்களில் ஆடிய முதல் வீரரானார். அவ்வாட்டத்தின் வெற்றிக்கோலும் அவருடையதே. அதே தொடரில் அவருடைய கோல் சாதனையை லூயிசு சுவாரெசு கடந்தார். 2014 உலகக்கோப்பையில் சுவாரெசு தடைசெய்யப்பட்ட நிலையில், கொலம்பியாவிடம் உருகுவை தோற்ற இரண்டாம் சுற்று ஆட்டத்தில் ஃபோர்லான் தொடக்க வீரராக ஆடினார். 2015 மார்ச்சில் நாட்டு அணியிலிருந்து ஓய்வுபெற்றார். உருகுவைக்காக அவர் 112 ஆட்டங்களில் 36 கோல்களை அடித்துள்ளார்.

ஆட்டமுறை

ஃபோர்லான் வலது, இடது ஆகிய இரு கால்களாலும் ஒரே வலிமையுடன் உதைக்கக்கூடியவர். இத்திறனால் தடுப்பாட்ட வீரர் அவரை எப்பக்கம் மறித்தாலும் பந்தை மறுகாலுக்கு மாற்றி உதைக்க இயன்றது. கோல் பரப்புக்கு வெளியிலிருந்து அடிக்கும் கோல்களுக்கும் நேரடி உதைகளுக்கும் அவர் பெயர் பெற்றவர். தொடக்கத்தில் முன்னணியில் நின்று கோலடிப்பவராக இருந்த அவர், பிற்காலத்தில் நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையே நின்று ஆட்டத்தை வடிவமைப்பவராக மாறினார்.

வெளிநாட்டு வாழ்வு பற்றிய மதிப்பீடு

ஃபோர்லானின் வெற்றி தோல்விகள் ஆடிய சூழலுடன் நெருங்கிய தொடர்புடையவை. மான்செஸ்டரிலும் மிலானிலும் அவருக்குத் தொடர்ச்சியான ஆட்டநேரமோ தமக்குரிய இடமோ அமையவில்லை. அங்கு இரு கழகங்களிலும் சேர்த்து 81 கூட்டிணைவு ஆட்டங்களில் அவர் அடித்தவை 12 கோல்களே. வில்லாரியலிலும் அட்லெட்டிகோவிலும் அணியின் தாக்குதலே அவரை மையமாகக் கொண்டு அமைந்தது. எசுப்பானியாவில் ஏழு பருவங்களில் 240 கூட்டிணைவு ஆட்டங்களில் 128 கோல்கள் கிடைத்தன. மான்செஸ்டரில் இருந்த கடைசி மாதங்களுக்கும் வில்லாரியலில் கோல்கள் குவிந்த முதல் மாதங்களுக்கும் இடையே வீரரின் திறன் பெரிதும் மாறிவிட்டதெனக் கொள்வதற்கில்லை. அவருக்குக் கிடைத்த வாய்ப்பே மாறியது.

காற்பந்தாட்டத்திற்குப் பின்

ஃபோர்லான் 2005இல் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் நல்லெண்ணத் தூதராக நியமிக்கப்பட்டார். 2019 திசம்பரில் பெனியரோலின் தலைமைப் பயிற்றுநரானார். கொரோனா பெருந்தொற்றால் ஆட்டங்கள் தடைப்பட்ட அப்பருவத்தில் முடிவுகள் நிறைவளிக்காததால், 2020 ஆகஸ்டு இறுதியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2021இல் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த அத்தேனாசு கழகத்திற்குச் சில மாதங்கள் பயிற்றுநராக இருந்தார்.

பின்னர் தமது இளமைக்கால விளையாட்டான டென்னிசுக்குத் திரும்பி, மூத்தோருக்கான பன்னாட்டுப் போட்டிகளில் ஆடினார். 2024 நவம்பரில் மொண்டேவிடேயோவில் நடந்த உருகுவை ஓப்பன் தொழின்முறைத் தொடரின் இரட்டையர் பிரிவில், 45ஆம் வயதில், அர்ச்செந்தீன வீரர் பெடரிக்கோ கோரியாவுடன் இணைந்து களமிறங்கினார். முதல் சுற்றிலேயே 1–6, 2–6 எனத் தோற்றபோதும், பன்னிரண்டாம் வயதில் கைவிட்ட விளையாட்டில் தொழின்முறைப் போட்டி ஒன்றில் ஆடும் வாய்ப்பை அவர் தம் சொந்த நகரில் பெற்றார்.

முதன்மையான விருதுகளும் பட்டங்களும்

இங்கிலாந்துக் கூட்டிணைவு: 2002–03 (மான்செஸ்டர் யுனைட்டெட்)
பிச்சிச்சி விருது: 2004–05, 2008–09
ஐரோப்பியத் தங்கக் காலணி: 2005 (தியரி ஆன்றியுடன்), 2009
ஐரோப்பா கூட்டிணைவு: 2009–10 (அட்லெட்டிகோ மாட்ரிட்)
ஐரோப்பிய மீக்கோப்பை: 2010 (அட்லெட்டிகோ மாட்ரிட்)
உலகக்கோப்பை தங்கப் பந்து: 2010
கோப்பா அமெரிக்கா: 2011 (உருகுவை)
ரியோ கிராண்டி டோ சுல் மாநில வாகையர்: 2013 (இன்டர்நாசியோனல்)
உருகுவை வாகையர்: 2015–16 (பெனியரோல்)
ஆங்காங் கூட்டிணைவு: 2017–18 (கிட்சி)